பத்துப் பைசா சக்கரமும் பாரிஸ் மீட்டரும்

எங்கள் கறம்பக்குடியில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பட்டுக்கோட்டைக்கோ பேராவூரணிக்கோ போக வேண்டும். அங்கே ஓடிய சின்ன ரயிலை, அதாவது மீட்டர் கேஜ் வண்டியை, என் பேரன் பார்த்ததில்லை. 2012-இல் அந்தப் பாதையை அகலப்படுத்துவதற்காக மூடினார்கள். அவன் பிறந்தது அதற்குப் பிறகு. "எவ்வளவு சின்னது தாத்தா?" என்று ஒருநாள் கேட்டான். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அட்டையில் செய்து காட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

மீட்டர் எனக்குப் பழைய உறவு. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாரிஸ் வழியாக வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று வாத்தியார் மனப்பாடம் செய்ய வைத்தார். 1870 வாக்கில், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, இந்தியாவுக்கு மெட்ரிக் அளவை வரப்போகிறது என்ற எண்ணத்தில் சிக்கன ரயிலுக்கு ஒரு மீட்டர் அகலம் என்று முடிவு செய்தார்கள். கடைகளுக்குக் கிலோ வந்தது 1950-களின் கடைசியில்தான். தண்டவாளம் மட்டும் எண்பது வருஷம் முந்திக்கொண்டது!

நம் பக்கத்துப் பாதைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு செஸ் வசூலித்துப் போட்ட பாதை அது. 1894-இல் முத்துப்பேட்டை வரை வந்தது, 1903-இல் அறந்தாங்கியைத் தொட்டது. குடியானவர் கொடுத்த காசில் ஓடிய ரயில் என்று சொன்னால் தவறில்லை.

இனி என் அட்டை வேலைக்கு வருகிறேன். மாதிரி ரயிலில் உலகமெங்கும் பழக்கமான அளவு 87-இல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குப் பொருந்தும். இங்கிலாந்தில் இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை. 87-இல் ஒன்றாகச் சுருக்கியபோது அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடலை மட்டும் 76-இல் ஒன்றாகப் பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருத்தக் குறை இன்றும் தொடர்கிறது.

நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல். கடையில் கிடைக்கும் 16.5-இல் வைத்தால் பெரிய ஆள் சின்னச் செருப்புப் போட்டதுபோல் நிற்கும். மீட்டர் கேஜை வகுத்தால் 11.5. வெளிநாட்டில் 12 மி.மீ. பாதை கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சின்ன ரயில் என்று நாம் கேலி செய்த வண்டிதான் மாதிரிக்கு ஒழுங்காகப் பொருந்துகிறது!

பிரான்சிலுள்ள மைத்துனர் மகன் பாதையும் சக்கரமும் அனுப்பினான். முதலில் ஒரு கூட்ஸ் வேகன். பாகங்களை வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டினேன். மூன்று அங்குல நீளம், எடை 18 கிராம். வளைவில் தள்ளியதும் கவிழ்ந்தது. அமெரிக்க மாதிரி ரயில்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். அதாவது என் வேகன் 70 கிராம் இருக்க வேண்டும். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உள்ளே ஒட்டினேன். நின்றது.

அடுத்த சோதனை, பிறர் கையில். பக்கத்து வீட்டுப் பையனிடம் பாகங்களைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கச்சுவரை உள்வெளியாக ஒட்டிவிட்டான். தப்பு அவன்மேல் இல்லை, என் படத்தின்மேல். இப்போது ஒவ்வொரு பாகத்திலும் எண்ணும் அம்புக்குறியும் உண்டு. நாலாவது தடவை சரியாக வந்தது.

அடுத்து ஒய்.பி. இன்ஜின். அதன் பெரிய சக்கரம் 4 அடி 6 அங்குலம். சுருக்கினால் 16 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய பழைய எவர்சில்வர் பத்துப் பைசா. பேரன் அந்தக் காசையும் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்தே காட்டினேன்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி ஸ்டேஷன்களில் எடுத்த படம் இருந்தால் தேடிப் பாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தால் போதும். அவர் உயரத்தை வைத்தே ஜன்னலின் அளவை எடுத்துவிடலாம். அந்த ஆள் எவ்வளவு உயரம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.