அஜந்தாவின் ஆறு வண்ணங்கள்

அஜந்தாச் சுவரோவியங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பத்மபாணியின் கருணை விழியையும் சாதகக் கதைகளையுமே விரித்துரைப்பர். அவற்றைத் தீட்டிய கைகளிடம் இருந்த வண்ணப் பொருள்கள் எத்துணைச் சில என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், வெண்மைக்குச் சுண்ணமும் வெண்களிமண்ணும், கருமைக்கு விளக்குப்புகைக் கரி, அடிப்படை இவ்வைந்தே. கரி நீங்கலாக அனைத்தும் மண்ணும் கல்லும் தந்தவை. ஆறாவதாகிய நீலம் மட்டும் ஆப்கானிஸ்தானத்துப் பதக்சான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலிக் கல்லின் பொடி. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தனவாகிய 9, 10ஆம் குகைகளின் பழைய ஓவியங்களில் இந்நீலம் இல்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டில், வாகாடக மன்னன் அரிசேனன் காலத்தையொட்டி எழுந்த 1, 2, 16, 17ஆம் குகைகளிலேயே அதனைக் காண்கிறோம். நெடுவழி கடந்து வந்த பொருளாதலின் அது சிக்கனமாகவே ஆளப்பட்டது.

எஞ்சிய நிறங்கள் யாவும் கலப்பிற் பிறந்தவை. செங்காவியுடன் வெண்மையும் மஞ்சட்காவியும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு முதல் பொன்மேனி வரை பல சாயல்கள் கிட்டும். செங்காவியிற் கரி சேர்ந்தால் கருஞ்சிவப்பு. சிறிது பச்சைமண் சேர்ந்தால் சிவப்பின் முனைப்பு அடங்கி மாநிறம். கரியும் வெண்மையும் கூடிய சாம்பல் நிறம், செங்காவியை அடுத்துத் தீட்டப்படும்போது கண்ணுக்கு நீலம் போலத் தோன்றும். நீலக்கல் எட்டாத ஓவியனுக்கு இஃது ஒரு பெருந்துணை. மூலநிறங்கள் ஐந்தே, கலப்பால் விளைவன எண்ணற்றன என்னும் கருத்தை விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதியிலும் காணலாம். கோப்புகளில் இரண்டு மூன்று மைகளோடு காலங்கழிக்கும் நம்போன்றோர்க்கு இஃது ஓரளவு ஆறுதலே!

இவ்வோவியங்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைப் போல ஈரச் சுண்ணத்தின்மேல் எழுதப்பட்டவை அல்ல. உமியும் நாரும் கலந்த மண்பூச்சின்மேல் மெல்லிய வெண்பூச்சிட்டு, உலர்ந்த பின், பசை கலந்த வண்ணங்களாற் தீட்டப்பட்டவை. ஆதலின் ஈரத்திற்கும் உராய்விற்கும் எளிதில் இடங்கொடுப்பவை.

எனினும் காலம் செய்த கேட்டினும் காப்பாளர் செய்த கேடு சிறிதன்று என்பதே நம் கருத்து. 1819இல் சென்னைப் படையைச் சேர்ந்த ஜான் ஸ்மித் இக்குகைகளைக் கண்ட பின்னர், படியெடுக்க வந்த ராபர்ட் கில்லும், பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்சும் ஓவியங்களின்மேல் வார்னிஷ் பூசினர். கில் எழுதிய படிகளிற் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் அழிந்தன. கிரிஃபித்ஸ் குழுவினரின் படிகள் பல 1885இல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத் தீக்கு இரையாயின. படிகள் போயின, வார்னிஷ் மட்டும் சுவரில் நின்றது. நிசாம் அரசு அழைத்த இத்தாலிய வல்லுநர்கள் 1920-22ஆம் ஆண்டுகளில் பெயர்ந்த பூச்சுகளை உறுதிப்படுத்தியது நற்பணியே; ஆயின் அவர்களும் மேலே அரக்குக் கரைசலைப் பூசினர். அது நாளடைவிற் பழுப்பேறியது. வெண்மை மஞ்சளாயிற்று, நீலம் பச்சையாய் மயங்கிற்று. பழைய ஓவியர்க்கு மங்கிய மண்ணிறங்களிலேதான் நாட்டம் என்று எழுதியவர்கள் கண்டது ஓவியன் குழைத்த வண்ணத்தையன்று, அதன்மேற் படிந்த அரக்கையே.

1999 முதல் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் வேதியியலார் அப்பூச்சையும் புகைப்படலத்தையும் சிறுசிறு பகுதிகளாக நீக்கி வந்துள்ளனர். நீங்கிய இடங்களில் அடியிலிருந்து வெளிப்பட்டவை அதே ஆறு பொருள்களின் கலப்புகள்தாம்.