ஏலமலைக்கு மேலே ஒரு கொதிப்பு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஏலமலைச் சரிவுகளில் வானொலிப் பெட்டியே மாலைத் துணையாக இருந்த காலம் ஒன்று உண்டு. பொழுது சாய்ந்து சற்று நேரமானதும் சில நாட்களில் சிற்றலை நிகழ்ச்சிகள் நடுங்கத் தொடங்கும். குரல் எழும்பும், உடனே அமுங்கும். மலை மறைக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் மலை பகலிலும் அங்கேதானே இருக்கிறது! காரணம் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

அங்கே மெலிந்த காற்றின் அணுக்களிலிருந்து கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற துகள்களின் கலவையே பிளாஸ்மா. அது நிறைந்த அயனி மண்டலந்தான் சிற்றலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புகிறது. தென் தமிழகத்தில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக அமையும் காந்த நடுக்கோடு நமது தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. நில நடுக்கோடோ போடியிலிருந்து 1,100 கிலோமீட்டர் தெற்கே!

போடியிலிருந்து நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லாத கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு காந்தப்புலத்தையும் அளந்தார்கள். பெரு நாட்டின் ஹுவான்காயோவில் 1922 முதல் நடந்த அளவீடுகளில், நண்பகலில் காந்தப்புலம் வழக்கத்துக்கு மீறி வலுப்பது தெரிந்தது. சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கிப் பாயும் மின்னோட்டமே அதற்குக் காரணம். 1951-ல் சிட்னி சாப்மன் அதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயரிட்டார். சுமார் 600 கிலோமீட்டர் அகலமான அப்பட்டைக்குள் கொடைக்கானலும் போடியும் அடங்கும். 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்த தும்பாவைத் தேர்ந்ததும் இக்கோட்டின் பொருட்டே. அங்கிருந்து அனுப்பிய கருவிகளைக் கொண்டு சத்ய பிரகாஷும் அவருடைய கூட்டாளிகளும் மின்தாரைக்குள் எழும் பிளாஸ்மா நிலைகுலைவுகளை இனங்கண்டார்கள்.

வானொலியைக் கெடுத்தது இதைவிட முரடான வேறொரு நிலைகுலைவு. 1938-ல் ஹுவான்காயோவில் புக்கரும் வெல்ஸும், மேலே அனுப்பிய அலை இரவில் ஒற்றைக் கோடாகத் திரும்பாமல் சிதறிப் பரவி வருவதைக் கண்டனர். கொடைக்கானலில் கிடைத்த அத்தகைய எதிரொலிகளைப் பற்றி 1958-ல் பார்கவா எழுதினார்.

எண்ணெயின் மேல் தண்ணீரை நிறுத்தி வைக்க முடியுமா? சிறு பள்ளம் விழுந்தாலும் தண்ணீர் இறங்கும், எண்ணெய் குமிழாக ஏறும். மாலையில் வானத்திலும் இதுவே நேர்கிறது. கதிரவன் மறைந்ததும் கீழடுக்கின் அயனிகள் எலெக்ட்ரான்களோடு விரைவில் சேர்ந்து மறைகின்றன. மேலடுக்கு அடர்த்தி குறையாமல் நிற்கிறது, இன்னும் உயரவும் செய்கிறது. கிடையாக இழுத்துக் கட்டிய கயிறுகள்போலக் காந்தக் கோடுகள் அதைத் தாங்கினாலும், அந்தத் தாங்கல் உறுதியற்றது. எங்கேனும் நெளிவு தோன்றினால் மெலிந்த பிளாஸ்மா குமிழிகளாகக் கிளம்புகிறது. சில 1,000 கிலோமீட்டருக்கு மேலும் போகும். 1956-ல் டன்ஜி கூறிய இக்கருத்துக்கு, 1976-ல் உட்மனும் லா ஹோஸும் வெளியிட்ட பெருநாட்டு ராடார் படங்கள் உருவம் கொடுத்தன. வியாழனிலும் இதன் உறவுமுறை ஒன்று உண்டு. அங்கே எடையின் இடத்தில் வேகச் சுழற்சியின் மையவிலக்கு விசை வேலை செய்கிறது.

சிற்றலை கேட்போர் இன்று அருகிவிட்டனர், தொல்லையோ அருகவில்லை. செயற்கைக்கோள் குறிப்புகள் இக்குமிழிகளைக் கடக்கையில் மினுக்குகின்றன. ஏற்பி சில வேளை கோளையே தவறவிடும். விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பை உருவாக்கியபோது, நாடெங்கும் நிலையங்கள் வைத்து அயனி மண்டலத்தை அளக்க வேண்டியிருந்தது இதனால்தான். கதிரவனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளிலும், இரவும் பகலும் சமமாகும் மாதங்களிலும் தொல்லை கூடுதல்.

காந்த நடுக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. அன்று தும்பாவை ஒட்டிச் சென்ற கோடு இன்று தெற்கே விலகியிருக்கிறது. ஆயினும் குமிழிகள் காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் நெடுந்தூரம் நீள்வதால், போடி மலையின் வானம் அவற்றிலிருந்து தப்பவில்லை.