பேட்டர்சீ ரயில் நிலையமும் உங்கள் சேமநிதியும்



லண்டனில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். தேம்ஸ் நதிக்கரையில் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு பெரிய செங்கல் கட்டடம், கொஞ்சம் தள்ளிப் பாதாள ரயில் நிலையத்தின் வாசல். "சார், இது நம்ம மலேசியாக்காரங்க கட்டினது, தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரியும். ஆனால் அது பாதிதான் சரி. மீதிப் பாதியை வாட்சாப்பில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் சரித்திர வகுப்பில் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள், இதையும் தாங்கிக்கொள்வீர்கள்.

அந்தக் கட்டடம் ஒரு பழைய மின் நிலையம். பேட்டர்சீ பவர் ஸ்டேஷன் என்று பெயர். 1929-இல் வேலை தொடங்கியது. வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் கைவண்ணம்தான். பாதியாகக் கட்டி, போருக்குப் பிறகு மறுபாதியை முடித்து, நான்காவது புகைபோக்கி எழுந்தபோது 1955 ஆகிவிட்டது. நிலக்கரி கப்பலில் வந்து ஆற்றங்கரையிலேயே இறங்கும். மிஞ்சிய வெப்பத்தைக்கூட வீணாக்கவில்லை. தேம்ஸுக்கு அடியில் குழாய் போட்டு, அக்கரையில் பிம்லிகோ அடுக்குமாடி வீடுகளுக்குச் சுடுநீர் கொடுத்தார்கள். 1975-இல் ஒரு பாதியும் 1983-இல் மறுபாதியும் மூடப்பட்டன.

மூடினார்களே தவிர இடிக்க முடியவில்லை. 1980-லேயே அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. அடுத்த 30 ஆண்டுகள் ஆளுக்கு ஒரு திட்டம். ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவின் ஜான் புரூம் இதையும் கேளிக்கைப் பூங்காவாக்கப் போகிறேன் என்று கூரையைப் பிரித்தார். 1989-இல் பணம் தீர்ந்து வேலை நின்றது. கூரை இல்லாத கட்டடம் மழையில் நனைந்துகொண்டே கிடந்தது. பிறகு ஹாங்காங்கின் பார்க்வியூ நிறுவனம் வாங்கியது. அதனிடமிருந்து 2006-இல் அயர்லாந்துக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களும் 2011-இல் கடனில் மூழ்கினார்கள்.

2012-இல் நம் நாட்டுக் கூட்டணி ஒன்று 400 மில்லியன் பவுண்ட் கொடுத்து அந்த 40 ஏக்கர் சொச்ச நிலத்தை வாங்கியது. எஸ்.பி. செத்தியா 40 விழுக்காடு, சைம் டார்பி 40 விழுக்காடு, ஊழியர் சேமநிதி வாரியம், அதாவது நம் இ.பி.எஃப்., 20 விழுக்காடு. மறு ஆண்டு ஜூலையில் நடந்த தொடக்க விழாவுக்கு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் வந்தார்கள், டேவிட் கேமரனும் நஜிப்பும்.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்த நிலத்தின் ஓரமாகவே விக்டோரியா நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்கள் இருக்கின்றன. நடக்கிற தூரத்தில் பேட்டர்சீ பார்க் என்று ஒரு பழைய நிலையமும் உண்டு. ஆனாலும் பாதாள ரயிலின் வரைபடத்தில் அந்த இடம் இல்லை. லண்டனில் அந்த வரைபடத்தில் இல்லாத இடத்துக்குப் பெரிய நிறுவனங்கள் வருவது அரிது. அதனால் கென்னிங்டனிலிருந்து நார்தர்ன் லைனை 3.2 கிலோமீட்டர் நீட்டி, நைன் எல்ம்ஸ், பேட்டர்சீ பவர் ஸ்டேஷன் என்று இரண்டு நிலையங்கள் கட்ட முடிவானது.

செலவு சுமார் 1.1 பில்லியன் பவுண்ட். இதற்குப் பணம் வந்த விதம்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த முக்கியமான பாடம். லண்டன் மாநகர நிர்வாகம் ஒரு பில்லியன் வரை கடன் வாங்கியது. அந்தக் கடனை எப்படி அடைப்பது? ரயில் வந்தால் கட்டடங்கள் வரும், கட்டடங்களில் அலுவலகங்களும் கடைகளும் வரும், அவை வணிக வரி கட்டும். இனிமேல் வரப்போகும் அந்தக் கூடுதல் வரியைக் காட்டித்தான் கடன். அதோடு, அந்த வட்டாரத்தில் கட்டடம் கட்டும் நிறுவனங்கள் தங்கள் பங்காகச் சுமார் 270 மில்லியன் பவுண்ட் கொடுக்க வேண்டும். நிலையம் லண்டன் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தம். நம்மவர்கள் கட்டியது இல்லை. ஆனால் நம்மவர்கள் நிலத்தை வாங்கி, கட்ட முன்வந்திருக்காவிட்டால் அந்த நிலையம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பாதி சரி என்றேனே, இதுதான்.

சுரங்கம் தோண்டிய இரண்டு இயந்திரங்களுக்கும் பெயர் வைத்தவர்கள் அந்த வட்டாரத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் என்று படித்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஒன்று ஹெலன், பிரிட்டனின் முதல் விண்வெளி வீராங்கனை ஹெலன் ஷர்மன் நினைவாக. இன்னொன்று ஏமி, 1930-இல் தன்னந்தனியாக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஓட்டிப்போன ஏமி ஜான்சன் நினைவாக. வழியில் அவர் சிங்கப்பூரில் இறங்கிப் போனவர். 2017-இல் ஹெலனும் ஏமியும் தோண்டிய மண்ணில் பெரும்பகுதி லாரி ஏறவில்லை. படகில் ஏற்றி, ஆற்று வழியாகவே எசெக்ஸ் பக்கம் கொண்டுபோய் விவசாய நிலம் ஆக்கினார்கள். 2021 செப்டம்பர் 20-ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. மின் நிலையக் கட்டடம் 2022 அக்டோபரில் திறந்தது. உள்ளே கடைகள், வீடுகள், ஆப்பிள் நிறுவனத்தின் அலுவலகம்.

ரயில் எப்போதும் மக்களைத் தேடி வருவதில்லை. நம் நாட்டின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது எதற்கு? ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்க. பிறகு வந்த பாதைகளில் பலவும் ரப்பரைத் தேடிப் போனவை. அந்த ரப்பரின் லாபம் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த இடம் லண்டன்.

அங்கேதான் நம் கதை தொடங்குகிறது. சைம் டார்பி என்ற பெயரைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வில்லியம் சைம், ஹென்றி டார்பி என்பவர்கள் 1910-இல் மலாக்காவில் ரப்பரை நம்பித் தொடங்கியது. கத்ரி, ஹாரிசன்ஸ் என்று இன்னும் பல கம்பெனிகள். காலையில் பெரட்டுக்கு நின்றது நம் தாத்தா பாட்டி. கணக்கு முடிந்தது லண்டனில். 1970-களில் சைம் டார்பி மலேசியர் கைக்கு வந்தது. கத்ரி வந்த கதை இன்னும் சுவையானது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை, பி.என்.பி. என்ற நம் நாட்டு முதலீட்டு நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் இறங்கி, சில மணி நேரத்துக்குள் கத்ரியைக் கையகப்படுத்திவிட்டது. வெள்ளைக்காரர்கள் அதற்கு விடியற்காலைத் தாக்குதல் என்று பெயர் வைத்தார்கள். 2007-இல் கத்ரியும், ஹாரிசன்ஸ் வழிவந்த கோல்டன் ஹோப்பும் சைம் டார்பியோடு ஒன்றாயின. அதற்கு ஐந்தே ஆண்டுகளில் அந்த சைம் டார்பி தேம்ஸ் கரையில் நிலம் வாங்குகிறது! பால்மரத்தில் தொடங்கிய பணம் ஒரு நூற்றாண்டு சுற்றி லண்டனுக்கே போய்ச் சேர்ந்தது என்று நான் சொன்னால் மிகையில்லை.

இடையில் தோட்டங்கள் என்ன ஆயின என்பதும் உங்களுக்குத் தெரியும். சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்ட் ரப்பர் தோட்டம். 1970-களில் வீடமைப்புப் பகுதியானது. இன்று அதன் நடுவே எல்.ஆர்.டி. ஓடுகிறது. லயத்தில் இருந்த குடும்பங்களில் எத்தனை பேர் அந்த நிலையங்களுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினார்கள் என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள்.

சேமநிதிக்கு வருகிறேன். 1951-இல் சட்டம் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. என் அம்மா பால்மரம் சீவியவர். 55 வயதில் அவர் எடுத்த சேமநிதிதான் எங்கள் முதல் சொந்த வீட்டுக்கு முன்பணம். எனக்கு அந்தக் கணக்கே கிடையாது, அரசாங்க ஓய்வூதியம். அம்மாவின் பணம் பேட்டர்சீயில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அது 2012-க்கு முன்பே எங்கள் வீட்டுச் சுவராகிவிட்டது. ஆனால் தொழிற்சாலையிலும் வங்கியிலும் கடையிலும் வேலை செய்யும் உங்கள் பணம் இருக்கிறது. எல்லா இனத்துத் தொழிலாளர் பணமும் இருக்கிறது. 2019-இல் அந்த மின் நிலையக் கட்டடத்தை மட்டும் பி.என்.பி.யும் இ.பி.எஃப்.பும் சேர்ந்து சுமார் 1.6 பில்லியன் பவுண்டுக்கு வாங்கின. ஆகவே அங்கே கடை வாடகை வசூலானால் அதில் ஒரு துளி உங்களுக்கும் வரும்.

பெருமைப்படலாமா? நான் படுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அங்கே குறைந்த வருமானக்காரர்களுக்காக 636 வீடுகள் என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். 2017-இல் செலவு கூடிவிட்டது என்று சொல்லி அதை 386 ஆக்கினார்கள். உள்ளூர் நகராட்சியும் சம்மதித்தது. 250 வீடு குறைந்தது. லண்டனில் பஸ் ஓட்டுபவரும் மருத்துவமனையில் தரை துடைப்பவரும் குடியேறியிருக்கக் கூடிய வீடுகள். லயத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது நம் பெற்றோருக்கு என்ன சொல்லப்பட்டதோ, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்தான் அங்கேயும் சொல்லப்பட்டன. இந்த முறை நிலத்துக்காரர் பக்கம் நாம் இருக்கிறோம், 20 விழுக்காட்டு அளவுக்கு.

உங்களில் யார் வீட்டிலாவது பெற்றோரின் பழைய சேமநிதி அறிக்கையோ, தோட்டத்துச் சம்பளச் சீட்டோ இருந்தால் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். அடையாள அட்டை எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, சம்பளம் மூன்றும் தெரிந்தால் போதும். சேர்த்து வைக்கிறேன்.