வரிச்சலுகையும் பிரசங்க மேடையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு; கணக்குப் பார்க்கும் ஆண்டும் அதுவே. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் யூபிலி வந்ததும் விற்ற நிலம் உரியவனிடம் திரும்பியது, அடிமை விடுதலை அடைந்தான். ஆகவே யூபிலி என்ற சொல்லிலேயே நிலமும் நீதியும் அடங்கியிருக்கின்றன. நிலமும் நீதியும் பேசப்படும் இடத்தில் அரசியலும் வந்து நிற்கும். அரசிடமிருந்து வரிச்சலுகை பெறும் திருச்சபை அரசியலில் ஈடுபடலாமா என்ற வினாவை இம்மலரில் சிந்திப்பது அதனால் பொருத்தமே.

மீனின் வாயில் கிடைத்த காசு

வரியைப் பற்றி ஆண்டவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் நாம் அடிக்கடி நினைவுகூருவது செசாரின் நாணயம். மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் வரும் மற்றொரு நிகழ்ச்சியோ நமக்கு இன்னும் நெருங்கியது. கப்பர்நாகூமில் ஆலய வரி தண்டுவோர் இராயப்பரிடம் வந்து, உங்கள் போதகர் வரி செலுத்துவதில்லையா என்று கேட்டனர். மக்களுக்கு வரி இல்லை என்பதை ஆண்டவர் முதலில் எடுத்துக்காட்டினார். ஆயினும் பிறருக்கு இடறலாக இருக்க வேண்டாம் என்று, மீனின் வாயில் கிடைத்த காசைக் கொடுத்துத் தமக்கும் இராயப்பருக்கும் வரி கட்டச் செய்தார். தமக்கு விலக்கு உண்டு என்று சொன்னவரே அந்த விலக்கைப் பயன்படுத்தவில்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

நாம் பெறும் சலுகை யாது?

நம் அரசியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சமய நிறுவனங்கள் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை வழங்குகிறது. ஆனால் 25-ஆம் பிரிவு, சமயத்தோடு சேர்ந்து நடைபெறும் பொருளாதார, நிதி, அரசியல் நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று தெளிவாகக் கூறுகிறது. ஒரு கையால் உரிமை, மறு கையால் வரம்பு!

வருமான வரியைப் பொறுத்தமட்டில் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முறையை வகுத்தது. சமய அல்லது அறக்கட்டளையின் வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்திற்கே செலவிட்டால் வரி இல்லை. 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இந்த அடிப்படையை மாற்றவில்லை. உண்டியலில் விழும் காசு ஆராதனைக்கும் அறப்பணிக்கும் உரியது என்பதே இச்சலுகையின் உட்பொருள். அது ஒரு கட்சியின் கொடிக்குப் போனால் சலுகையின் காரணமே அற்றுப்போகிறது. நாம் செலுத்தாத வரியின் சுமையை, தேநீர்க் கடைக்காரரும் ஜீப் ஓட்டுநரும் நம் மறையைச் சாராத அயலாரும் சேர்ந்தே சுமக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

தேர்தலைப் பற்றிய சட்டங்கள் இன்னும் கண்டிப்பானவை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை அச்சுறுத்துவதை முறைகேடாகக் கருதுகிறது. சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதும் அவ்வாறே. 2017 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நால்வர் பெரும்பான்மையில், வேட்பாளரின் சமயத்தோடு வாக்காளரின் சமயத்தையும் இத்தடையில் சேர்த்தது. 1988-இல் வந்த சமய நிறுவனங்கள் (தவறாகப் பயன்படுத்துதல் தடுப்பு) சட்டம், கோவில் வளாகத்தையோ நிதியையோ அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இது கோவிலுக்கும் மசூதிக்கும் குருத்துவாராவுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

அண்டை மாநிலம் தந்த பாடம்

நம் மலைக்கு அப்பால் கேரளத்தில் நடந்த வரலாற்றை மூத்தோர் அறிவர். 1957-இல் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவை கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளிகளின் ஆசிரியர் நியமனத்தில் அரசின் கையை நீட்டியது. குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958-இல் வந்த கருத்து, சிறுபான்மையினரின் பள்ளி உரிமையை வலியுறுத்தியது. அத்தோடு நின்றிருந்தால் அது உரிமைப் போராட்டமாகவே இருந்திருக்கும். ஆனால் "விமோசன சமரம்" தெருவுக்கு வந்தது. மன்னத்து பத்மநாபனின் நாயர் அமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கைகோத்தன. 1959 ஜூன் 13-இல் அங்கமாலியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் மாண்டனர். ஜூலை 31-இல் அமைச்சரவை கலைக்கப்பட்டது. பள்ளிகளைக் காத்தோம் என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர்; மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியைக் கவிழ்க்கத் துணைபோனது திருச்சபை என்ற பழியை மறுசாரார் இன்றும் சொல்கின்றனர். உரிமையைக் கேட்பதும் ஆட்சியைக் கவிழ்ப்பதும் ஒன்றாகிவிட்டால் இப்பழியிலிருந்து தப்ப முடியாது.

இடிந்தகரையில் எழுந்த கேள்வி

தமிழகத்தில் இவ்வினா கூர்மையாக எழுந்தது 2011-இல். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து மீனவ மக்கள் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் கூடினர். அவர்கள் யாருக்கும் வாக்குக் கேட்கவில்லை. கடலும் பிழைப்பும் உயிரும் என்ன ஆகும் என்று கேட்டனர். ஆனால் வெளிநாட்டு நிதி இப்போராட்டத்தைத் தூண்டுகிறது என்று மத்திய அரசு குற்றம்சாட்டியது. 2012-இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சார்ந்த அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் முடக்கப்பட்டன. சலுகையையும் அனுமதியையும் அரசு கொடுக்கிறது. பிடிக்காத குரல் எழும்போது அரசே அதைத் திரும்பப் பெறவும் கூடும் என்பதை நம் மக்கள் அன்று கண்ணாரக் கண்டனர்.

பின்னர், 2020 மார்ச்சில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டை வகுத்தது. கட்சி அரசியல் நோக்கமின்றிப் பொதுக் காரியத்துக்காகப் போராடும் அமைப்பை, அதை மட்டுமே காரணமாகக் காட்டி வெளிநாட்டு நிதியிலிருந்து விலக்கக் கூடாது என்றது. கட்சி அரசியல் வேறு, மக்களின் வாழ்வுரிமை வேறு என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

கடல் கடந்த உதாரணம்

அமெரிக்காவில் 1954-இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம், வரிவிலக்குப் பெறும் அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்றது. 1992-இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு புராட்டஸ்டாண்டு சபை, கிளிண்டனுக்கு எதிராகப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. 1995-இல் அதன் வரிவிலக்கு பறிக்கப்பட்டது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரியென்றது. 2025 ஜூலையிலோ அந்நாட்டு வரித்துறையே, வழிபாட்டின்போது சபையாருக்குச் சொல்லப்படும் தேர்தல் கருத்து இத்தடைக்குள் வராது என ஒரு வழக்கில் எழுதிக்கொடுத்தது. சட்டம் காற்றுப்போல் மாறும். ஆகவே சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதை மட்டும் பார்த்து நடப்பது திருச்சபைக்குப் போதாது.

திருச்சபையின் போதனை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏட்டின் 76-ஆம் எண் இதற்கு விடை தருகிறது. திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆனால் மனித உரிமையும் ஆன்ம நலனும் கோரும்போது அரசியல் காரியங்களைப் பற்றியும் அறநெறித் தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு உண்டு. தன் சாட்சியத்தின் நேர்மையில் சந்தேகம் எழுமானால், முறையாகப் பெற்ற உரிமைகளையும் அது விட்டுக்கொடுக்கும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் குருக்கள் ஆட்சிப் பதவிகளை ஏற்பதைத் தடுக்கிறது. பொதுநிலையினருக்கு அத்தடை இல்லை. கட்சியில் சேர்வதும் தேர்தலில் நிற்பதும் அவர்கள் கடமைக்குள் அடங்கும்.

விட்டுக்கொடுத்தல் நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் புதிதன்று. வெள்ளையர் ஆட்சியில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குச் சட்டசபைகளில் தனி இடங்கள் இருந்தன. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை சிறுபான்மைச் சமயத்தவரின் தனி இடங்களை நீக்கியது. அதற்கான தீர்மானத்தை ஆலோசனைக் குழுவில் முன்மொழிந்தவர் வங்காளக் கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜி. தனி இடம் போயிற்று, மானம் உயர்ந்தது.

மசினகுடிக்கு இதனால் என்ன?

நம் ஊர் சீகூர்ப் பீடபூமியின் நடுவில் இருக்கிறது. 2010-இல் அரசு அறிவித்த யானை வழித்தடத்தை 2011-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தன. நிலம், விடுதி வேலை, கால்நடை மேய்ச்சல், யானையின் வழி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. இக்காரியத்தில் எல்லாரும் ஒரே பக்கம் நிற்க முடியாது. ஒரே பெஞ்சில் அமர்ந்து பூசை காணும் இருவர் இரு பக்கமாக நிற்கலாம். பீடத்திலிருந்து ஒரு கட்சியின் பெயர் ஒலித்தால் அந்த பெஞ்சே இரண்டாகப் பிளக்கும். எதுவும் ஒலிக்காவிட்டாலோ வீடிழக்கும் ஏழைக்குக் கோவில் அந்நியமாகும்.

ஆகவே எல்லை தெளிவாக இருக்கட்டும். நீதிமன்றத் தீர்ப்பு என்ன, யாரிடம் மனுக்கொடுக்கலாம் என்று மக்களுக்கு விளக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நினைவூட்டலாம். ஆதிவாசிகளின் உரிமைக்கும் காட்டின் காவலுக்கும் சேர்ந்தே குரல் கொடுக்கலாம். கொடியும் சின்னமும் வேட்பாளரின் மாலையும் கோவில் வாசலைத் தாண்ட வேண்டாம். உண்டியல் காசு தேர்தலுக்குப் போக வேண்டாம். வரி கட்டினாலும் கட்டாவிட்டாலும் இது நம் விதியாகட்டும்.

ஏழையின் பக்கம் பேசியதற்காகவே சலுகை பறிபோகும் நாள் வந்தால் என் செய்வது? மீனின் வாயில் காசு கண்டெடுத்தவரை நினைப்போம். சலுகை போனாலும் திருச்சபை பிழைக்கும். சலுகைக்காக வாய் மூடினால் திருச்சபை எதற்கு? இப்பங்கின் யூபிலியில் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்து வரிவிலக்குச் சான்றிதழ் மட்டுமாக இராமல், அஞ்சாத, எவருக்கும் விலைபோகாத குரலாகவும் இருப்பதாக!