சுருங்கிப் போன சிங்கி இறால்

பெரிய அண்டா நிறையக் கொதிக்கும் மசாலாத் தண்ணீர். அதில் உருளைக்கிழங்கு, சோளக்கதிர், நண்டு, இறால். வெந்ததும் தண்ணீரை வடித்து, மேஜைமேல் பேப்பர் விரித்து அப்படியே கொட்டிவிடுவார்கள். தட்டு கிடையாது, ஸ்பூன் கிடையாது. பத்துப் பேர் சுற்றி நின்று உரித்துச் சாப்பிட வேண்டியதுதான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து 'கேஜன் பாயில்' இது. யூடியூப் புண்ணியத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செய்முறைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த கேஜன்கள் யார் என்று பார்த்துவிடலாம். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்திருக்கும் நமக்கு அதில் விஷயம் இருக்கிறது.

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் 1604 முதல் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வம்சம் இவர்கள். அந்தப் பகுதிக்கு அகாடியா என்று பெயர். கடலோரச் சதுப்பில் கரை கட்டி, உப்பு மண்ணை வயலாக்கி, நன்றாகவே வாழ்ந்தார்கள். 1713-ல் உட்ரெக்ட் ஒப்பந்தப்படி அந்த மண் பிரிட்டிஷார் கைக்குப் போனது. நிபந்தனை இல்லாமல் விசுவாசப் பிரமாணம் எடு என்றார்கள் புது எஜமானர்கள். பிரான்சுக்கு எதிராக எங்களைத் துப்பாக்கி தூக்கச் சொல்லக்கூடாது என்றார்கள் இவர்கள்.

1755 செப்டம்பர் 5. கிராண்ட் ப்ரே கிராமத்துச் சர்ச்சில் ஆண்களையும் பையன்களையும் கூட்டி உத்தரவைப் படித்தார்கள். நிலம், வீடு, ஆடு மாடு எல்லாம் அரசுக்கு. கையிலுள்ள பணமும் தூக்க முடிந்த சாமானும் உங்களுக்கு. ஏறு கப்பலில்! அடுத்த சில வருடங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் இப்படி அப்புறப்படுத்தப்பட்டார்கள். நோயிலும், கப்பல் மூழ்கியும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

பிழைத்தவர்களில் சுமார் 200 பேர் 1765-ல் ஜோசப் புரூசார் என்பவர் தலைமையில் லூசியானா போய்ச் சேர்ந்தார்கள். 1785-ல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் 1,600 பேர் வந்தார்கள். 'அகாடியன்' நாக்கில் தேய்ந்து தேய்ந்து 'கேஜன்' ஆனது.

புது ஊர் முழுக்கச் சதுப்பு. கிடைத்தது கிராஃபிஷ். சிங்கி இறாலின் குட்டித் தம்பி மாதிரி ஒரு நன்னீர்ப் பிராணி. அங்கிருந்த பூர்வகுடிகள் முன்பே சாப்பிட்டு வந்ததுதான். கேஜன்கள் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அகாடியாவின் சிங்கி இறால்கள் இவர்களைப் பிரிய மனமில்லாமல் கூடவே வந்தனவாம். வந்த தூரத்தில் இளைத்து இளைத்து கிராஃபிஷ் ஆகிவிட்டனவாம்!

ரொம்ப நாள் அது ஏழைகள் சாப்பாடு. பிறகு காலம் மாறியது. 1959-ல் பிரோ பிரிட்ஜ் என்ற சின்ன ஊரை 'உலக கிராஃபிஷ் தலைநகரம்' என்று மாநிலச் சட்டசபையே அறிவித்தது. அடுத்த வருஷம் முதல் திருவிழா.

சாப்பாடு இப்படி ஜெயித்தது. மொழி? 1921-ல் லூசியானா அரசியல் சட்டம் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு இம்போசிஷன், அடி. நாம் பட்டது போதும், பிள்ளைகளாவது தப்பட்டும் என்று பெற்றவர்களே வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். 1968-ல் பிரெஞ்சை மீட்க அரசே ஓர் அமைப்பு தொடங்கியபோது, ஒரு தலைமுறை கைநழுவியிருந்தது.

பேங்க்காரன் புத்தி, உதாரணமும் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் அதைச் 'செயல்படாத கணக்கு' என்று ஒதுக்கிவிடுவோம். பணம் உள்ளேதான் இருக்கும், எடுக்கத்தான் அலைய வேண்டும். நம் வீடுகளில் சாம்பாருக்கு ஆபத்தில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகள் எந்த மொழியில் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் கவலை.

சரி, செய்முறை. பத்துப் பேருக்கு ஒன்றரைக் கிலோ சின்ன உருளைக்கிழங்கு, ஆறு சோளக்கதிர், ஒரு கிலோ நண்டு, ஓட்டோடு இரண்டு கிலோ இறால். மசாலாவுக்கு அஞ்சறைப்பெட்டியே போதும். கடுகு, தனியா, மிளகு, கிராம்பு, பிரியாணி இலை. துணியில் மூட்டை கட்டிப் போடுங்கள். மிளகாய்த்தூள், எலுமிச்சை, வெங்காயம், முழுப் பூண்டு, தாராளமாக உப்பு. தண்ணீர் கொதித்ததும் உருளைக்கிழங்கு. பத்து நிமிடம் கழித்து நண்டும் சோளமும். அதற்குப் பத்து நிமிடம் கழித்து இறால். இரண்டே நிமிடம், அடுப்பை அணைத்து மூடி, ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். இறால் அதிகம் வெந்தால் ரப்பர்தான் :) செய்தித்தாள் வேண்டாம், மை ஆகாது. வாழை இலை விரித்துக் கொட்டுங்கள்.

இது அவசரமாக விழுங்க முடியாத சாப்பாடு. உரிக்க உரிக்கப் பேச்சு வரும். அதனால் ஒரே ஒரு கண்டிஷன் போடுங்கள். இலை காலியாகும்வரை சுற்றி நிற்பவர்கள் தமிழில்தான் பேச வேண்டும். நண்டுக் கால் வேண்டுமா, தமிழில் கேட்டால்தான் கிடைக்கும்!