புள்ளியெழுத்து வளர்ந்த வரலாறு

எழுத்தை மக்களின் கண்ணெனப் போற்றுவது தமிழ் மரபு. ஆயின், முகத்துக் கண்கள் ஒளியிழந்தவர்க்கு எழுத்தாகிய கண்ணை அளிப்பது எவ்வாறு என்னும் வினா நெடுங்காலம் எவராலும் முறையாக எழுப்பப்படவில்லை. கேள்வியறிவினாலே பெரும்புலமை எய்திய விழிப்புலனற்றோர் பல நாடுகளிலும் வாழ்ந்துளர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயரைத் தமிழ்கற்றோர் நன்கறிவர். எனினும், அத்தகையோர் யாவரும் பிறர் வாய்ச்சொல்லை எதிர்பார்த்தே கற்க வேண்டியிருந்தது. தாமே ஏட்டையெடுத்துப் படிக்கவும், தாம் எழுதியதைத் தாமே திருப்பி நோக்கித் திருத்தவும் அவர்க்கு வழியில்லை. அவ்வழி பிரான்சு நாட்டிலே திறந்தது. அவ்வரலாற்றை ஆராயுமிடத்து, ஏற்ற கருவியைக் கண்டுபிடிப்பதினும், கண்ணுடைய ஆசிரியர் அதனை ஏற்றுக்கொள்ளுமாறு செய்வதே அரிய செயலாயிற்று என்பது புலனாகும்.

பாரிஸ் நகரிலே வலன்ரைன் ஹாயுயி என்பார் 1785ஆம் ஆண்டில் விழிப்புலனற்ற சிறுவர்க்கென ஒரு பாடசாலையை நிறுவினார். பிச்சையெடுத்துப் பிழைத்த லெசுவேர் என்னும் இளைஞனே அவருடைய முதன் மாணவன். ஈரமான தடித்த தாளின்மீது பெரிய அச்செழுத்துக்களை அழுத்தி, அவை மேடுபட்டு எழுமாறு செய்து, விரலால் தடவிப் படிக்கும் முறையை ஹாயுயி வகுத்தார். விழிப்புலனற்றவர் படிக்கவியலும் என்பதை உலகறியக் காட்டிய பெருமை அவர்க்கே உரியது. ஆயினும், அம்முறையில் இரு குறைகள் இருந்தன. கண்ணுக்கென அமைந்த வளைவுகளையும் கோடுகளையும் விரல் ஒவ்வொன்றாகத் தேடி உணர வேண்டியிருந்தமையால் வாசிப்பு மிக மெதுவாயிற்று, நூல்களும் பெருஞ்சுமையாயின. இரண்டாவதாக, மாணவன் அவ்வெழுத்தைப் படிக்கலாமேயன்றி, எளிதில் எழுதவியலாது. படிக்கத் தெரிந்தும் எழுதவியலாதவன் அரைக்கல்வியே பெற்றவனாவான்.

லூயி பிறெயில் 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி, பாரிசுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவருடைய தந்தையார் குதிரைச் சேணமும் தோல்வாரும் தைக்கும் தொழிலாளர். மூன்று வயதிற் பட்டறையிலே கூரிய கருவியொன்றை எடுத்து விளையாடியபோது அது குழந்தையின் கண்ணிற் பாய்ந்தது. அப்புண்ணின் நோய் மற்றைக் கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. ஊர்ப் பாடசாலையிற் கேட்டே கற்றுச் சிறந்த அச்சிறுவன், 1819இல், தன் பத்தாம் வயதில், ஹாயுயி தொடக்கிவைத்த பாரிஸ் பாடசாலையிற் சேர்ந்தான்.

1821ஆம் ஆண்டளவில் சாள்ஸ் பார்பியே என்பார், புள்ளிகளால் எழுதும் புதிய முறையொன்றை அப்பாடசாலைக்குக் கொணர்ந்தார். சொற்களின் ஒலிகளை நிரைப்படுத்தி, ஒவ்வோரொலிக்கும் இரு வரிசைப் புள்ளிகளை அவர் வகுத்திருந்தார். வரிசையொன்றில் ஆறு புள்ளிகள் வரை வரலாம். வளைவுக்கோட்டினும் புள்ளியை விரல் விரைந்துணரும் என்பது இதனால் விளங்கிற்று. மேலும், குத்தூசி கொண்டு தாளிற் புள்ளியிட்டு மாணவன் தானே எழுதவும் இயன்றது. ஆயினும், பன்னிரு புள்ளிகள் வரை பரந்த குறி விரல்நுனியில் அடங்காது. ஒலியை மட்டுமே குறித்தமையால் எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறிகளையும் அம்முறையாற் காட்டல் இயலவில்லை.

இக்குறைகளைக் களைந்தவர் மாணவராகிய பிறெயிலே. நெடுக்கே மூன்று, குறுக்கே இரண்டாக ஆறு புள்ளிகளைக் கொண்ட கட்டத்தை அவர் அமைத்தார். அது விரலைப் பெயர்க்காமலே ஒரு தொடுகையில் உணரத்தக்க அளவினது. புள்ளிகள் இருத்தலும் இல்லாமையுமாகிய வேறுபாட்டால் 63 குறிகள் பிறக்கும். அவற்றுள் எழுத்துக்கள், எண்கள், நிறுத்தக்குறிகள், இசைக்குறிகள் ஆகிய யாவும் அடங்கின. 1824ஆம் ஆண்டில் இம்முறை உருப்பெற்றபோது அவர்க்கு வயது பதினைந்து. 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். 1837இல் திருத்திய பதிப்பும் வந்தது. அவர் அப்பாடசாலையிலேயே ஆசிரியருமானார்.

மாணவர் பெரிதும் விரும்பிய இவ்வெழுத்தை ஆசிரியர் பலர் விரும்பவில்லை. அவர் கூறிய காரணத்தை முற்றும் வெறுங்காரணமெனத் தள்ளுதல் நேர்மையன்று. கண்ணுடையோர் அறியாத எழுத்தைக் கற்பவர் ஏனை மக்களினின்றும் பிரிக்கப்படுவர் என அவர் அஞ்சினர். இவ்வச்சத்தைப் பிறெயிலும் அறிந்திருந்தார். அதனாலேயே 1839இல், கண்ணுடையோர் படிக்கத்தக்க வழக்கெழுத்தின் வடிவத்தைப் புள்ளிகளால் எழுதும் வேறொரு முறையையும் வகுத்தார். விழிப்புலனற்ற நண்பராகிய பூக்கோ என்பார் 1841இல் அதற்கொரு பொறியும் செய்தார். மடல் வரைவதற்கு ஒரு முறை, கற்பதற்கு மற்றொரு முறை என இரு தேவைகளையும் அவர் வேறுபிரித்துணர்ந்தமை போற்றத்தக்கது.

ஆயினும், 1840இற் பாடசாலைத் தலைமையேற்ற டியூபோ என்பார் புள்ளியெழுத்தை விலக்கி, மேடெழுத்து முறையையே வற்புறுத்தினார். மாணவரோ மறைவில் அதனை எழுதியும் படித்தும் வந்தனர். உதவித் தலைவராகிய குவாதே அதன் பயனையுணர்ந்து, தலைவரின் மனத்தை மாற்றினார். 1844இற் புதிய கட்டடத் திறப்பு விழாவிலே புள்ளியெழுத்தின் சிறப்பு அவையறிய விளக்கப்பட்டது. பிரான்சு அதனை முறைப்படி ஏற்றது 1854இல். பிறெயில் அதற்கு ஈராண்டு முன்னரே, 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி, காசநோயால் இறந்துவிட்டார்.

பிற நாடுகளிலும் இப்போராட்டம் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் மேடெழுத்து வகைகள் பல ஒன்றோடொன்று போட்டியிட்டன. பார்வை குன்றிய மருத்துவராகிய ஆமிற்றேஜ் 1868இல் ஒரு கழகம் அமைத்து, விரலாற் படிப்போரே எவ்வெழுத்துச் சிறந்ததெனத் தீர்ப்பளிக்க வேண்டுமென்று வகுத்தார். அவர்கள் தேர்ந்தது பிறெயிலின் எழுத்தையே. அமெரிக்காவிலோ நியூயோர்க் புள்ளிமுறை, அமெரிக்கப் பிறெயில் முதலியன எழுந்து பூசலிட்டன. ஒரே நூலைப் பல முறைகளில் அச்சிடப் பணம் வீணாயிற்று. மாணவனும் பல முறைகளைக் கற்க நேர்ந்தது. ஆங்கிலத்துக்குரிய பொதுமுறை 1932இலேயே உடன்பாடாயிற்று. கண்ணுடையோர் அறிஞராயினும், தம் விருப்பத்தை மாணவன் விரலின்மேல் ஏற்றியபோது விளைந்த இழப்பு இத்தகையது.

இந்திய மொழிகளுக்கும் வெவ்வேறு முறைகள் வழங்கிவந்தன. யுனெஸ்கோவின் துணையுடன் ஆராயப்பட்டு, 1951இற் பாரதி பிறெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. மொழிகள் வேறாயினும் ஒத்த ஒலிக்கு ஒத்த குறி என்பதே அதன் அடிப்படை. தமிழ்க் ககரத்துக்கு ஆங்கிலக் கே எழுத்தின் குறியே நிற்கும். அச்சுத்தமிழிற் கொ என்பதை எழுதுகையில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக ககரத்தைச் சூழ்ந்து நிற்கும். புள்ளியெழுத்திலோ ககரத்தின் குறி முதலிலும் ஒகரத்தின் குறி அடுத்தும் வரும். மெய்யும் உயிரும் ஒலிக்கும் முறையிலேயே விரலுக்கு எட்டுகின்றன. கண்ணுக்குரிய வடிவத்தை விட்டுச் சென்றமையால் மொழி சிதையவில்லை. அதன் ஒலியமைதி தெளிவுபெற்றது.

இலங்கையிலே விழிப்புலனற்றோர் கல்வி, 1912இல் தொடங்கப்பெற்ற இரத்மலானைப் பாடசாலையாலும், பின்னர் யாழ்ப்பாணத்துக் கைதடி நஃபீல்ட் பாடசாலையாலும் வளர்ந்தது. இன்று கணினி, திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கின்றது. செவியே போதும், புள்ளியெழுத்து இனி வேண்டாவெனக் கருதுவாரும் உளர். இக்கருத்துத் தமிழாசிரியரால் ஆராயத்தக்கது. நகரமும் னகரமும் பேச்சில் ஒத்தொலிக்கின்றன. லகர ளகர ழகரங்களைப் பிரித்தொலிப்போர் அருகிவருகின்றனர். செவியால் மட்டும் கற்ற மாணவன் எவ்விடத்து எவ்வெழுத்து வருமென்று எங்ஙனம் அறிவான்? விரலால் ஓதியவனோ ஒவ்வோரெழுத்தையும் தனித்தனி கண்டவனாவான். கணினியோடு இணைந்து, ஊசிகள் எழுந்தும் தாழ்ந்தும் புள்ளியெழுத்தைக் காட்டும் பலகைகளும் இந்நாளில் உள. ஆகவே செவிக்கருவியும் விரற்கருவியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

ஆறு புள்ளிகளை ஓராசிரியர் கற்பதற்குச் சில கிழமைகளே போதும். டியூபோவின் காலத்தில் மாணவர் இவ்வெழுத்தை மறைத்தெழுத நேர்ந்தது, அவர் அதனை விலக்கியமையாலேயே. பொது வகுப்பறையில் விழிப்புலனற்ற மாணவனொருவன் வந்தமரும்போது, அவன் எழுதிய விடையை அவன் ஆசிரியரே படித்துத் திருத்த வல்லவராயிருத்தல் வேண்டும். அவ்வாறாயின், அவன் ஏனையோரினின்றும் பிரிந்துவிடுவான் என்ற பழைய அச்சத்துக்கு இடமேயில்லை.