நிக்கோபார்ப் புறாவும் டோடோவும்

உறவுடைய இரு தீவுப் புறா இனங்கள். முன்னது இன்றும் வாழ்கிறது. பின்னது பதினேழாம் நூற்றாண்டில் அழிந்தது.

நிக்கோபார்ப் புறா சுமார் 40 செ.மீ. நீளமுடையது. பிடரிமயிர்போல் தொங்கும் கழுத்து இறகுகள், பச்சையும் செம்பும் மின்னும் முதுகு, தூய வெள்ளை வால். கூட்டமாகத் தீவு விட்டுத் தீவு பறந்து இரை தேடும். மங்கிய ஒளியில் கடலைக் கடக்கும்போது முன்செல்லும் பறவையின் வெள்ளை வாலே பின்வருவதற்கு அடையாளம் என்பர். சோழர் கல்வெட்டில் மாநக்கவாரம் என வரும் நிக்கோபார் முதல் சாலமன் தீவுகள் வரை பரவியுள்ளது. இதற்கு 1758இல் லின்னேயஸ் அறிவியல் பெயரிட்டார்.

டோடோ மொரீஷியஸில் மட்டும் வாழ்ந்தது. பறக்காது; ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். 1598இல் டச்சுக் கப்பல்கள் வந்தன. வேட்டையைவிட, கப்பல்வழி வந்த எலியும் பன்றியும் குரங்குமே இதன் முட்டைகளை அழித்தன என்பது பலர் கருத்து. கடைசியாகக் காணப்பட்டது 1662இல் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். 1680கள் வரை இருந்தது என்போரும் உண்டு. அக்காலக் குறிப்புகளில் இப்பெயர் வேறொரு பறக்காத பறவையைச் சுட்டியிருக்கலாம் என்பது அதற்கு மறுப்பு.

டோடோவின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனியிடம் உண்டு. 1628 முதல் 1634 வரையிலான தம் பயணக் குறிப்புகளில், சூரத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாக ஆங்கில வணிகர் பீட்டர் மண்டி எழுதியுள்ளார். 1625ஐ ஒட்டி வரையப்பட்ட முகலாய ஓவியம் ஒன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ளது. ஜஹாங்கீர் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்தது என்பர், உறுதியில்லை. நடுவே பழுப்பு டோடோ. சுற்றிலும் கிளி, கல்கௌதாரி, வரித்தலை வாத்து. குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வரும் அதே வாத்துதான். உடனிருக்கும் பறவைகள் இனம் காணுமளவு துல்லியமாக இருப்பதால், டோடோவையும் உயிரோடு பார்த்தே வரைந்திருப்பார் என ஆய்வாளர் நம்புகின்றனர். ஐரோப்பிய ஓவியங்கள் சிலவற்றில் கொழுத்து உருண்டிருக்கும் டோடோ, இதில் சற்று மெலிந்தே நிற்கிறது.

டோடோ புறா இனமே என்று 1842இல் டென்மார்க்கின் ரைன்ஹார்ட் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1848இல் ஸ்டிரிக்லண்டும் மெல்வில்லும் எழுதிய நூல் அதை நிலைநாட்டியது. ஆக்ஸ்போர்டிலுள்ள டோடோ எச்சத்தின் மரபணுவை ஆராய்ந்து 2002இல் வெளியான முடிவு, வாழும் பறவைகளில் நிக்கோபார்ப் புறாவே இதற்கு மிக நெருங்கிய உறவு என்றது.

இந்தியச் சட்டம் நிக்கோபார்ப் புறாவுக்கு உயர்நிலைப் பாதுகாப்பு அளிக்கிறது. 2004 ஆழிப்பேரலை நிக்கோபாரின் கரையோரக் காடுகளைச் சிதைத்தது. மொரீஷியஸின் பணத்தாள்களில் டோடோவின் தலை நீர்க்குறியாக உள்ளது. அதே தாள்களில் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டுள்ளது.